டேங்க் கிளீனருக்கும் பசிக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

முழு ஆண்டுப் பரீட்சை முடியப்போகிறது. இனி திருநெல்வேலி டவுனிலும் பாளையங்கோட்டையிலும் மீன் கடைகளில் பிள்ளைகள் கூட்டம் இருக்கும். தொட்டி வாங்குகிறவர்களுக்கு ‘டேங்க் கிளீனர்’ என்று சொல்லி அடியில் கிடக்கிற மீன் இரண்டையும் சேர்த்து கவரில் போட்டுக் கொடுப்பார்கள். அந்த மீன்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் வீட்டிலேயே துணி தைக்கிறவள். மெஷினுக்கு எதிரே மூன்றடித் தொட்டி இருக்கிறது. ஊசியில் நூல் கோத்துவிட்டு நிமிர்ந்தால் கண் அங்கேதான் போகும். ஏழு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் தடவை மாலி மீன்களோடு மூன்று கோரி வாங்கினேன். கோரிடோராஸ் என்பது முழுப்பெயர். நம் கெளுத்திக்குத் தூரத்துச் சொந்தம், ஊர் தென் அமெரிக்கா. கடைக்காரத் தம்பி, “அக்கா, இதுக்குன்னு தனியா ஒண்ணும் போட வேண்டாம். மத்த மீன் போடுற அழுக்கையும் மிச்சத்தையும் தின்னுக்கிடும்” என்றார். நானும் நம்பினேன். மேலே தூவிய தீனியை மாலிகள் ஒன்று விடாமல் தின்றுவிடும். கோரிகள் நாள் முழுக்க அடியைக் கிளறிக்கொண்டே இருந்தன. சுறுசுறுப்பு என்று நினைத்தேன். அது பசி. ஒன்றரை மாதத்தில் வயிறு ஒட்டி, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. ஒன்று செத்து மிதந்த பிறகுதான் கையில் எடுத்துப் பார்த்தேன். வாயோரத்து மீசை அரிசி முனை அளவுக்குத் தேய்ந்திருந்தது. இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

மற்ற மீனின் கழிவைத் தின்று எந்த மீனும் பிழைக்காது. கோரி தன் ஊரில் மணலுக்குள் மூக்கை நுழைத்துப் புழு பூச்சிகளைத் தேடித் தின்கிற மீன். அதற்கு அடியில் போய் விழுகிற தீனி வேண்டும். கடையில் ‘சிங்கிங் பெல்லட்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். நான் ராத்திரி ஒன்பதரைக்கு விளக்கை அணைத்துவிட்டு, மாலிகள் அடங்கிய பிறகு போடுகிறேன். ஐந்து நிமிடத்தில் ஆறு கோரியும் வந்து மீசையால் தடவித் தடவிப் பார்த்து, மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியாக வெளியே விட்டுக்கொண்டே தின்னும். டார்ச்சைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு அதைப் பார்ப்பது எனக்கு ஒரு சந்தோஷம். வாரத்தில் ஒரு நாள் ரத்தப்புழு. காய்ந்தது என்றால் ஊறவைத்துத்தான் போடுவேன், இல்லாவிட்டால் மிதந்து மாலி வாய்க்குப் போய்விடும். காலையில் மிச்சம் கிடந்தால் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். கிடந்து அழுகினால் தண்ணீரில் அம்மோனியா என்கிற நஞ்சு ஏறும். முதலில் மாட்டுவது அடியில் கிடக்கிற இவைதான். இது கூட்டத்தோடு வாழ்கிற மீன், குறைந்தது ஆறு இருக்க வேண்டும். இரண்டு மட்டும் விட்டால் மூலையில் பயந்துபோய்க் கிடக்கும்.

மீசை தேய்வதற்கு அழுக்கான அடித்தளமும் கூரான கல்லும்தான் காரணம். எம்-சாண்ட் போடவே கூடாது, அது கல்லை உடைத்தது, முனை எல்லாம் கூர். அதற்காக ஆற்று மணலுக்குப் போய்விடாதீர்கள். தாமிரபரணி மணலைக் காப்பாற்ற நல்லகண்ணு ஐயா நீதிமன்றப் படி ஏறிய ஊர் இது. மீன் கடையிலேயே மழுமழுவென்ற நைஸ் மணல் கிடைக்கிறது. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வருவது நின்று தெளிவாக வரும்வரை அலச வேண்டும். எனக்கு எட்டுத் தடவை ஆனது.

அப்புறம் நம் ஊர் வெயில். கோரிக்கு 22 முதல் 26 டிகிரி வரை சுகம். சித்திரையில் என் தொட்டி 32 காட்டியது. மேற்குச் சுவரோரம் இருந்ததை வடக்குச் சுவருக்கு மாற்றினேன். மதியத்தில் மூடியைக் கொஞ்சம் திறந்து, வலை கட்டி, டேபிள் ஃபேனைத் தண்ணீர் மேல் காட்டுகிறேன். மூன்று டிகிரி வரை இறங்குகிறது. ஐஸ் கட்டியை அள்ளிப் போட வேண்டாம், சட்டென்று குளிர்ந்தாலும் கெடுதல்தான்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. மோட்டார் நின்றுவிட்டது. மாலிகள் மேலே வந்து வாயைப் பிளந்தன. கோரிகளோ அம்பு மாதிரி மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு அடிக்குப் போய்விடும். விழுங்கிய காற்றிலிருந்து குடல் வழியாகவே உயிர்க்காற்றை எடுத்துக்கொள்ளும் மீன் இது. எப்போதாவது ஒரு தடவை இப்படிச் செய்தால் பயப்பட வேண்டாம், ஓயாமல் செய்தால் தண்ணீரில் கோளாறு. நான் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு மணிக்கொரு தடவை தொட்டித் தண்ணீரைச் செம்பில் மொண்டு, காற்று கலக்கட்டும் என்று உயரத்திலிருந்து ஊற்றினேன். அந்த இரண்டு நாளும் தீனி போடவில்லை. கரண்ட் வந்ததும் ஃபில்டர் பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசினேன். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசினால் அம்மோனியாவைத் தின்கிற நல்ல கிருமிகள் செத்துவிடும். ஆறு கோரியும் பிழைத்தன. மாலியில் நான்கு போய்விட்டன.

எதற்கெடுத்தாலும் கல் உப்பு போடுகிற பழக்கமும் இருக்கிறது. செதில் இல்லாமல் எலும்புத் தகடு போர்த்திய கோரிக்கு அதிக உப்பு ஆகாது. பிடிக்க வேண்டி வந்தால் வலை போடாமல் மக்கில் மொள்ளுங்கள். கோரிக்கும் கெளுத்தி மாதிரி முள் உண்டு. கெளுத்தியிடம் குத்து வாங்கியவர்களுக்கு அந்த முள்ளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முள் வலையில் சிக்கினால் எடுப்பதற்குள் மீன் சோர்ந்துவிடும்.

இன்னொரு டேங்க் கிளீனர், கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிற கறுப்பு சக்கர் மீன். விரல் நீளத்தில் விற்கிறார்கள், ஒன்றரை அடி வரை வளரும் என்று சொல்வதில்லை. அதற்குப் பாசி மட்டும் போதாது. வெள்ளரிக்காய், வேகவைத்த பீர்க்கங்காய்த் துண்டு போட்டால் விரும்பித் தின்னும். என்னிடம் இருந்தது முக்கால் அடி ஆனதும், “குறுக்குத்துறையில கொண்டு விட்டுரு, புண்ணியமாப் போகும்” என்று சொந்தக்காரர்களே சொன்னார்கள். நான் ஆற்றில் விடவில்லை. சென்னை ஏரிகளில் இந்த மீன் பெருகி, கரையில் வளை தோண்டி முட்டையிட்டு, வலைகளைக் கிழிக்கிறது. நம் ஆற்றில் அயிரையும் கெளுத்தியும் ஆராலும் இருக்க வேண்டிய இடம் அது. பெரிய சிமெண்ட் தொட்டி வைத்திருக்கிற ஒரு வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. பரவாயில்லை.

கடைக்காரர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இந்த மீன்கள் இருக்கிற தொட்டியின் மேல் ஒரு அட்டையில், ‘இதற்குத் தனித் தீனி வேண்டும், இவ்வளவு பெரிதாகும், ஆற்றில் விடாதீர்கள்’ என்று எழுதி ஒட்டுங்கள். விடுமுறை தொடங்குவதற்கு முன் இந்தக் கடிதத்தை வெளியிட்டால் உதவியாக இருக்கும், ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை.