கல்லூரிகளில் உறுதிமொழி மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எய்ட்ஸ் தினத்தையொட்டிக் கல்லூரிகளில் நடந்த மனிதச் சங்கிலி, உறுதிமொழி ஏற்பு படங்களை நம் நாளிதழில் பார்த்தேன். பிள்ளைகள் வெயிலில் நின்றதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

நான் எச்.ஐ.வி. உள்ள பெண். என் கணவர் லாரி ஓட்டுநர். 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தை அரசு இலவசமாகத் தருவதற்கு முன்பே அவர் போய்விட்டார். நான் அந்த மருந்தால்தான் உயிரோடு இருக்கிறேன். எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான செஞ்சுருள் சங்கம் என்ற மாணவர் அமைப்பு உள்ள கல்லூரிகள் கூப்பிட்டால் போய்ப் பேசுகிறேன்.

நான் முதலில் செய்வது, ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுப்பதுதான். பெயர் வேண்டாம், கேள்வி மட்டும். கொசு கடித்தால் வருமா, சலூன் பிளேடில் வருமா என்று சில வரும். கொசுவால் வராது, பிளேடை மாற்றச் சொல்லிக் கேட்பது நல்ல பழக்கம். அப்புறம்தான் உண்மையான கேள்விகள் வரும். பரிசோதனை செய்தால் வீட்டுக்குத் தெரியுமா? உங்களுக்கு ஆண் துணை இருந்தால் அவருக்கும் வந்துவிடுமா? தினமும் மருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவில் பரவாது என்று சொல்லும்போது அரங்கமே அமைதியாகிவிடும். பேராசிரியர்கள் பலருக்கும் அது புதுச் செய்தி.

ஒரு சீட்டில், "போன வாரம் ஒருவருடன் இருந்தேன், ஆணுறை இல்லை, இப்போது என்ன செய்வது" என்று இருந்தது. எழுதியது யார் என்று தெரியாது. 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்திருந்தால் 28 நாள் சாப்பிடும் தடுப்பு மருந்து கிடைத்திருக்கும். அந்த நேரம் தாண்டிவிட்டது. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பரிசோதிக்கலாம், கிருமி இல்லை என்று முதல் முடிவு வந்தாலும் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ரகசியம் காக்க 2017-ல் சட்டமே வந்துவிட்டது என்றெல்லாம் எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னேன். அந்த 72 மணி நேரக் கணக்கை முதல் வருடத்திலேயே யாராவது சொல்லியிருக்க வேண்டாமா?

மாணவர்களுக்கு நான் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. இந்தியாவில் இந்தக் கிருமியை முதலில் கண்டுபிடித்த வேலையில் இறங்கியது ஒரு மாணவிதான். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனிடம் படித்த நிர்மலா, தன் ஆய்வுக்காகப் பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரி சேகரித்தார். கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். மாதிரிகளை வைத்தது வீட்டு ஃபிரிட்ஜில். 1986-ல் ஐஸ் பெட்டியோடு ராத்திரி ரயிலில் காட்பாடி போய், வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார்கள். இங்கெல்லாம் அது வராது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலம். இதைச் சொன்னதும் கடைசி வரிசைப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆனால் ஒரு கல்லூரியில் பொறுப்பாசிரியர் சீட்டுகளை முன்பே வாங்கி, ஆணுறை என்று எழுதியிருந்தவற்றை எல்லாம் எடுத்துவிட்டு மீதியைத்தான் என்னிடம் தந்தார். பெண் பிள்ளைகள் இருக்கிறார்களாம். எனக்குக் கல்யாணமானபோது அந்தப் பெண் பிள்ளைகளின் வயதுதான். ஒருவரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை.

கல்லூரி முதல்வர்களைக் கேட்டுக்கொள்கிறேன். டிசம்பரில் மட்டுமல்ல, வகுப்பு தொடங்கும் ஜூன், ஜூலையிலேயே முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நம்பிக்கை மைய ஆலோசகரையும், கிருமியோடு வாழும் ஒருவரையும் அழையுங்கள். சீட்டுகளைப் பிரிக்காமல் அவர்கள் கையில் கொடுங்கள். 1097 என்ற இலவச உதவி எண்ணை விடுதிச் சுவரிலும் கழிப்பறைக் கதவிலும் ஒட்டிவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாமக்கல்.