பாப்பாவுக்கு, பாலத்துக்குப் பின்னால் இருக்கும் மண்ணைப் பற்றி

காட்பாடி,
ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. நேற்று ரத்தினகிரி போய் உன் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம். வரும்போது இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய் கிடைத்தது. உன் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் அம்மா குழம்பு வைத்தாள்.

போன ஞாயிறு போனில், "ரெண்டு லேயரைச் சேர்த்து ஒரே ஆர்.எஃப்.ஐ.யாப் போட்டா என்னப்பா ஆகும்?" என்று கேட்டாய். பாலத்துக்குப் பின்னால் மண் நிரப்பும்போது, ஒவ்வொரு லேயரையும் வந்து சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கும் சீட்டுதானே ஆர்.எஃப்.ஐ. நான் வாயைத் திறப்பதற்குள் "சும்மாதான் கேட்டேன், அம்மாகிட்ட குடுங்க" என்றுவிட்டாய். அதோடு எட்டு நாளாகப் போன் இல்லை. வேலை இருக்கும். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அபட்மென்ட்டுக்கு, அதாவது பாலத்தின் முனையைத் தாங்கும் சுவருக்கு, பின்னால் நிரப்பும் மண்ணை, இறுகிய பிறகு 150 மி.மீ. வருகிற மாதிரி ஒவ்வொரு லேயராகப் போடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தச் சுவரும் பக்கவாட்டில் திரும்பும் ரிட்டர்ன் வாலும் சேரும் மூலைக்குப் பெரிய ரோலர் போகாது. பேபி ரோலரும் பிளேட் காம்பாக்டரும்தான் போகும். அவற்றின் அடி அரையடிக்குக் கீழே சரியாக இறங்காது. 300 மி.மீ. கொட்டி அடித்தால் மேலே கல் மாதிரி இருக்கும், கீழே புட்டு மாதிரி உதிரும். டென்சிட்டி, அதாவது மண்ணின் இறுக்கம், பார்க்கத் தோண்டும் குழியும் 150 மி.மீ. ஆழம்தான். ஆகவே இறுகின பாதியை மட்டும் சோதித்து, லேபில் கிடைத்த உச்ச டென்சிட்டியில் 97 சதவீதம் வந்துவிடும். உதிரிப் பாதியை யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். சேர்த்துப் போடுவதில் உள்ள வினையே அதுதான் பாப்பா.

கணக்குப் போட்டுப் பார். 97 வரவேண்டிய இடத்தில் 93 இருந்து, மழையிலும் லாரி எடையிலும் அது முழுக்க அடங்கினால், 6 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 25 செ.மீ. இறங்கும். ரோடும் பாலமும் சேரும் இடத்தில் மண்மேல் போடும் கான்கிரீட் பலகை, அந்த அப்ரோச் ஸ்லாப் இருக்கிறதே என்பார்கள். 3.5 மீட்டர் நீளம், 300 மி.மீ. கனம், ஒரு முனை அபட்மென்ட் தலையில் மண்ணைத் தடுக்கும் டர்ட் வாலில் உட்கார்ந்திருக்கும், மற்றதெல்லாம் அந்த மண்ணை நம்பித்தான். மண் இறங்கினால் ஸ்லாப் சாயும், பள்ளம் 3.5 மீட்டர் தள்ளிப் போகும், அவ்வளவுதான். அந்தப் பள்ளத்தில் விழுந்து ஏறும் லாரிச் சக்கரம் ஒவ்வொரு தடவையும் பாலத்தின் முனை இடைவெளியில் இருக்கும் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்டைச் சம்மட்டியால் அடிக்கிற மாதிரி அடிக்கும். ஜாயின்ட் போனால் என்ன பாடு என்று உனக்குத் தெரியும். 2022-ல் நம் காட்பாடி மேம்பாலத்தை ஜாயின்ட் வேலைக்காக மூடினபோது ஊரே சுற்றிப் போனதைப் பார்த்தாயே.

அதனால் முதல் வேலையாக, நிரப்ப ஆரம்பிக்கும் முன்பே சுவரில் 150 மி.மீ.க்கு ஒரு கோடு பெயிண்ட்டில் போடச்சொல், பக்கத்தில் நம்பர் எழுதச்சொல். 6 மீட்டருக்கு 40 கோடு. ஒவ்வொரு கோட்டோடும் ஒரு போட்டோ. கோடு இருந்தால் இரண்டை ஒன்றாக்க யாருக்கும் கை வராது.

குழியில் மணலை நிரப்பி டென்சிட்டி அளக்கும் சாண்ட் ரீப்ளேஸ்மென்ட் செய்யும்போது லேப் பையன் நடுவில் வசதியான இடமாகப் பார்த்து உட்காருவான். அவனை எழுப்பி மூலைக்குக் கூட்டிப் போ. குழியை நீயே நின்று தோண்டவை. ஓரம் நேராக இருக்க வேண்டும், கடைசித் துகள் வரை தட்டில் விழ வேண்டும். சிலிண்டரில் மணல் இறங்கும்போது பக்கத்தில் ரோலர் ஓடினால் அதிர்வில் மணல் கூடுதலாக இறங்கி, குழி பெரியது மாதிரிக் காட்டும், டென்சிட்டி குறையும். ஆகவே அந்த ஐந்து நிமிஷம் வண்டியை நிறுத்து. ஈரமும் பார். மண் நன்றாக இறுகத் தேவையான ஈர அளவுதான் ஓ.எம்.சி. அதற்கு மேலே 1, கீழே 2 சதவீதம், அதற்குள் இருந்தால்தான் அடிக்கவிட வேண்டும். டேங்கர் தண்ணீரைக் குளம் மாதிரி விட்டு "தானா இறுகிடும் மேடம்" என்பவன் பேச்சைக் கேட்காதே. சுவரை ஒட்டி ஒரு மீட்டருக்குள் பெரிய ரோலரை வைப்ரேஷனில் ஓட்டவும் விடாதே, சுவர் வெளியே தள்ளும்.

சுவருக்குப் பின்னால் சேரும் தண்ணீர் வெளியேறும் வீப் ஹோல் 100 மி.மீ. பைப், ஒரு மீட்டருக்கு ஒன்று, வெளிப்பக்கம் 20-க்கு 1 சரிவு. அதன் பின்னால் 600 மி.மீ. ஃபில்டர்: பெரிய கல் சுவர்ப் பக்கம், சின்னது மண் பக்கம். திருப்பிப் போட்டால் ஒரு மழையில் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் வெளியேறாவிட்டால் மண்ணோடு தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து சுவரைத் தள்ளும். உள்பக்கம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வெளியே வருகிறதா என்று பார். ஐந்து நிமிஷ வேலை.

இதெல்லாம் உனக்குத் தெரியாததா? நம் தெருவில் சிவில் படித்து சைட்டுக்குப் போன முதல் பெண் நீ. வெயிலில் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு நீ அனுப்பின போட்டோவை அப்பா எத்தனை பேருக்குக் காட்டியிருக்கிறேன் தெரியுமா? ஆனால் மாமா பெண் நிச்சயத்துக்கு ஒரு நாள் லீவு போட முடியவில்லை உன்னால். சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள். சரி, அதை விடு. லேயரை எண்ணு, அது போதும்.

ஒன்று சொல்லவேண்டும். பெரியம்மா வீட்டுக்கு நேர் வழி இருக்கும்போது ஏன் சுற்றிப் போகிறோம் என்று சின்ன வயதில் கேட்பாய். டிராஃபிக் என்பேன். டிராஃபிக் இல்லை. அந்த வழியில் இருக்கிற சின்னப் பாலத்துக்கு, செய்த வேலையை அளந்து பில்லுக்காகப் பதியும் எம்-புக் எழுதினது நான். மார்ச் 31-க்குள் பில் போக வேண்டும் என்று நெருக்கினார்கள். கீழே ஆறு லேயருக்குக் குழியே தோண்டாமல் 97.4, 98.1 என்று என் கையால் எழுதினேன். அந்த ஐப்பசி மழையிலேயே ஒரு சாண் இறங்கியது. விடியற்காலையில் பால் கேனோடு வந்த ஒருவர் அந்தப் பள்ளத்தில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். கிராவல் கொட்டிச் சமன் செய்துவிட்டு ஃபைலில் "மழைச் சேதம்" என்று எழுதினேன். மழை என்ன செய்யும்? யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நெருக்கினவர்களும் இல்லை, விழுந்தவரும் இல்லை. அவர் பிறகு தொழிலை விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நீ கையெழுத்துப் போட்டாயா என்று நான் கேட்கவில்லை. போட்டிருந்தாலும் இன்னும் மேலே மண் ஏறாத வரைக்கும் ஒரு நாள் வேலைதான். ஜேசிபி வைத்து அந்த இரண்டு லேயரை வாரி எடுத்து, ஈரம் பார்த்து, தனித்தனியாக இறுக்கி, தனித்தனியாகக் குழி தோண்டிவிடலாம். டீம் லீடருக்கு வாயால் சொல்லாதே, மெயிலில் எழுது: லேயர் நம்பர், தேதி, மறு சோதனை வேண்டும், இவ்வளவு போதும். கத்துவார்கள். கத்தட்டும். அப்ரோச் ஸ்லாப் ஊற்றின பிறகென்றால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும், அப்போது எவனும் சம்மதிக்க மாட்டான்.

அம்மாவுக்கு அந்தப் பாலத்தைப் பற்றித் தெரியாது. இந்த ஞாயிறு போன் செய்யும்போது சாயந்திரம் ஐந்து மணிக்குச் செய். அவள் கோயிலுக்குப் போயிருப்பாள், நான்தான் எடுப்பேன்.

அன்புடன்,
அப்பா