நெமோவின் 20,000 ஆழம் அல்ல, தூரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒக்டோபர் வாசிப்பு மாதம் வந்துவிட்டால் பிரெஞ்சு நாவலாசிரியர் ஜூல் வேர்ணின் பெயர் சிறுவர் பக்கங்களிலும் வினாவிடைத் தாள்களிலும் அடிபடும். மகிழ்ச்சிதான். ஆனால் ‘கடலுக்கடியில் 20,000 லீக்’ என்ற நாவலில் கப்டன் நெமோவின் நீர்மூழ்கிக் கப்பல் அவ்வளவு ஆழத்துக்கு இறங்கியது என்று எழுதுவதை இனியாவது நிறுத்த வேண்டும். அது ஆழமல்ல, கடலுக்குள்ளேயே ஓடிய தூரம். லீக் என்பது பழைய தூர அளவு; வேர்ண் கணக்கிட்ட பிரெஞ்சு லீக் 4 கிலோமீற்றர். ஆக 80,000 கிலோமீற்றர். பூமியை இரண்டு தரம் சுற்றும் தூரம். பூமியின் விட்டமே 12,742 கிலோமீற்றர்தான். இரண்டாம் உலகப் போரில் மூழ்கி மட்டக்களப்புக் கடலில் கிடக்கும் ஹெர்மிஸ் போர்க்கப்பல் 50 மீற்றர் சொச்ச ஆழத்தில்தான் இருக்கிறது. அதற்கே விசேட பயிற்சி இல்லாத சுழியோடி இறங்கக் கூடாது. லீக்கைக் ‘காதம்’ ஆக்குவதும் தீர்வல்ல. நம் காதம் சுமார் 10 மைல். தூரம் நாலு மடங்காகிவிடும்.

இந்தக் குழப்பங்களில் பல ஆங்கிலம் வழியாக வந்தவை. 1870களில் மேர்சியர் என்ற பாதிரியார் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில் மூலத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் வெட்டப்பட்டது. எஃகின் அடர்த்தி நீரைப்போல் 7.8 மடங்கு என்பது வேர்ண் எழுதியது. மேர்சியரின் தசமப் புள்ளி இடம் மாறியதில், அந்த எஃகு தண்ணீரில் மிதக்கும்! வேர்ண் கணக்கில் கவனமானவர். அமியான் நகரில் நாள்தோறும் 15 பத்திரிகைகளை வாசித்துக் குறிப்பெடுத்தவர். அவர் சேர்த்த குறிப்புகள் 20,000க்கு மேல். பிறர் பிழைக்கு அவர் பெயர் கெடுவது அநியாயம்.

நம்மவர்களுக்கு இந்த நாவலில் மிக நெருக்கமான பகுதி இரண்டாம் பாகத்தின் 2ஆம், 3ஆம் அத்தியாயங்கள். சிறுவர் சுருக்கங்களில் முதலில் விடுபடக்கூடியவையும் இப்படியான பகுதிகள்தாம். ஜனவரி மாதம், முத்துக்குளிப்புக் காலம் தொடங்குமுன்பே, நெமோ மன்னார்ப் பாருக்கு, அதாவது முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டுக்கு, வருகிறார். அங்கே தன்னந்தனியாக முத்துக்குளிக்கும் ஒரு குளிகாரர். கூம்பாகச் செதுக்கிய கல்லைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு சுமார் 5 மீற்றர் இறங்குகிறார். மண்டியிட்டுக் கைக்கு அகப்பட்ட சிப்பிகளைப் பையில் திணிக்கிறார். மேலேறிப் பையைக் கொட்டிவிட்டு, கல்லையும் இழுத்தெடுத்து, மறுபடி இறங்குகிறார். ஒரு முழுக்கு 30 விநாடி. சிப்பிகள் நாரால் பாறையைப் பற்றிக்கொண்டிருப்பதால் ஒவ்வொன்றாகப் பிய்க்க வேண்டும். ஒரு முழுக்குக்குப் பத்துச் சிப்பிதான் தேறும். அதில் எத்தனையில் முத்து இருக்கும்? இலங்கைக்கு வராமலே வேர்ண் இவ்வளவையும் எழுதினார். பிறகு சுறா வருகிறது. நெமோ கத்தியோடு பாய்கிறார், கப்பலில் இருக்கும் ஈட்டி வீரர் நெட் லாண்ட் தன் ஈட்டியால் அதைக் கொல்கிறார், பிழைத்த குளிகாரரின் கையில் நெமோ ஒரு பை முத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். இவர் ஒடுக்கப்பட்டோரின் நாட்டவர், என் கடைசி மூச்சுவரை நானும் அந்த நாட்டவனே என்பது அதற்கு அவர் சொல்லும் காரணம்.

அந்தச் சொல்லின் பொருள் வேர்ணின் ‘மர்மத் தீவு’ நாவலில்தான் விளங்குகிறது. முதலில் ரஷ்யாவை எதிர்த்த போலந்துப் பிரபுவாகவே நெமோவை வேர்ண் நினைத்திருந்தார். ரஷ்ய வாசகர்களை இழக்க விரும்பாத பதிப்பாளர் ஹெட்சல் மறுத்தார். 1875இல் நெமோ யாரென்று தெரியவந்தபோது, அவர் இந்தியாவின் புந்தேல்கண்ட் அரசகுமாரர் டக்கார். திப்பு சுல்தானின் உறவினர், ஆங்கிலேயருக்கு எதிரான 1857 கிளர்ச்சியில் போரிட்டவர். ஆங்கில ஆட்சியைப் பற்றிய அவர் பேச்சை அப்போதைய ஆங்கில மொழிபெயர்ப்பு மாற்றிவிட்டது. ஆங்கிலேயர் ஆண்ட நாட்டில் வாழும் நாம் அந்த மாற்றிய பேச்சையே ஏன் வாசிக்க வேண்டும்?

பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்குவோர் கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். ‘கடலுக்கடியில் 20,000 லீக்’ முழு நாவலில் முதற் பாகம் 24, இரண்டாம் பாகம் 23, மொத்தம் 47 அத்தியாயங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் நெமோவின் அறைச் சுவரைத் தேடிப் பாருங்கள்: போலந்து விடுதலை வீரர் கொஸ்கியூஸ்கோ, லிங்கன், அடிமைமுறையை எதிர்த்துத் தூக்கிலிடப்பட்ட ஜோன் பிரவுன் ஆகியோரின் படங்கள் அங்கே தொங்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் கையில் இருப்பது வெட்டிய பிரதி.

வேர்ண் இறந்தது 1905இல். மூலத்துக்குப் பதிப்புரிமைத் தடை இல்லை. பிரெஞ்சு தெரிந்த தமிழர் இன்று பலர் உள்ளனர். அவர்களில் ஒருவரைக் கொண்டு அந்த இரண்டு மன்னார் அத்தியாயங்களையும் நேரடியாகத் தமிழாக்கி, தங்கள் சிறுவர் பக்கத்தில் வாரத் தொடராக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பார், சிப்பி, சம்மாட்டி போன்ற குளிகாரர் சொற்களை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.