கயலுக்கு, சளியைப் பற்றி

அன்புள்ள கயலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சம்பாவில் கதிர் பால் பிடித்திருக்கிறது. மார்கழிப் பனிக்கு அப்பாவுக்குத்தான் இழுப்பு கொஞ்சம் கூட.

"ஊசியும் போட்டாச்சு, ரத்தத்துல ஆன்டிபாடி எக்கச்சக்கமா இருக்குன்னு ரிப்போர்ட்டும் வந்தாச்சு, அப்புறம் எப்படிம்மா கொரோனா வந்துச்சு?" என்று கேட்டாய். போனில் ஆரம்பித்தால் உன் பிள்ளை பாதியில் பிடுங்கிக்கொள்கிறான். அதனால் எழுதுகிறேன்.

மேட்டூரில் 120 அடி நின்றாலும் நம் கடைமடை வயலுக்கு எவ்வளவு வந்து சேரும் என்று உனக்குத் தெரியும். கையில் போடுகிற ஊசியும் அப்படித்தான். ரத்தத்தில் ஐஜிஜி என்கிற ஆன்டிபாடி (கிருமியைப் பிடித்துக்கொள்கிற புரதம்) நிறைய ஊறும், நுரையீரல் வரைக்கும் போய்க் காக்கும். உனக்கு வீட்டோடு சரியானதற்கு அதற்கும் பங்கு உண்டு. ஆனால் மூக்கின் சவ்வுக்கு அது கசிவது கொஞ்சம்தான். அங்கே முக்கியமான காவல் ஐஜிஏ என்கிற வேறொரு வகை ஆன்டிபாடி. சவ்வுக்கு அடியில் இருக்கிற செல்களே அதைச் செய்து சளியில் கலக்கின்றன. வைரஸ் ஒரு தடவை மூக்கு வழியாக வந்து போனால், அதை அடையாளம் தெரிந்த டி செல்கள் (உடம்பைக் காக்கிற ஒரு வகை வெள்ளை அணுக்கள்) சில ரத்தத்தில் சுற்றப் போகாமல் அங்கேயே தங்கிவிடும். கையில் ரத்தம் எடுத்துப் பார்க்கிற ரிப்போர்ட்டில் இது எதுவும் தெரியாது. அந்தப் பரிசோதனைக்குக் கொடுத்த காசு தண்டம் என்பேன், கோபிக்காதே.

நான் நர்ஸாக இருந்தபோது, "ஊசி போடறீங்க, சொட்டும் விடறீங்க, எதுக்கு ரெண்டு?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். போலியோ வைரஸ் வளர்வது குடலில். ஊசி பிள்ளையின் கால் விளங்காமல் போவதைத் தடுக்கும். குடலில் வைரஸ் வளராமல் தடுப்பதில் சொட்டு மருந்துக்குத்தான் பலம். வைரஸ் எந்த வழியாக வருகிறதோ அங்கேயே பழக்கினால்தான் அங்கே காவல் நிற்கும். மூக்கில் விடுகிற கொரோனா மருந்தை 2023 ஜனவரியில் நம் நாட்டிலேயே கொண்டுவந்ததும் இந்த எண்ணத்தில்தான். அதனால் தொற்றே வராது என்று நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம் பையனின் அடினாய்டு. மூக்குக்குப் பின்னால், அண்ணத்துக்கு மேலே இருக்கிற அந்தச் சதை வீங்கியிருக்கிறது என்றதும் பயந்துபோனாய். வருகிற கிருமிகளைப் பார்த்து மூக்கும் தொண்டையும் பாடம் படிக்கிற இடம் அது. குழந்தை வயதில் பெரிதாக இருப்பது சகஜம், வளர வளரச் சுருங்கும். அமெரிக்காவில் லா ஹோயா ஆய்வு நிலையத்தார் பெரியவர்களின் மூக்கின் உட்கோடியில், இந்த அடினாய்டு இருக்கிற இடத்தில், குச்சி விட்டு, மாதாமாதம், ஒரு வருஷத்துக்கு மேல் செல்களை எடுத்துப் பார்த்தார்கள். கொரோனா வந்து போனவர்களிடம் அந்த வைரஸை ஞாபகம் வைத்திருக்கிற செல்கள் மாதக்கணக்கில் அங்கேயே இருந்தன. 2024-ல் வெளியான ஆய்வு. ராத்திரி குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தாலோ காது சரியாகக் கேட்காவிட்டாலோ டாக்டர் சொல்கிறபடி எடுத்துவிடு. அப்படி ஒன்றும் இல்லையென்றால் அவசரம் வேண்டாம். நொச்சி இலை ஆவியும் அவனுக்கு வேண்டாம். மூக்கடைப்பு விடுவதற்குள் வெந்நீர் கொட்டிப் புண்ணாகிவிடும்.

மூக்கின் காவல் ரொம்ப நாள் அதே பலத்தோடு நிற்காது. இங்கிலாந்தில், சாதாரணச் சளி தருகிற ஒரு கொரோனா வைரஸை ஆட்களின் மூக்கில் விட்டார்கள். ஒரு வருஷம் கழித்து, முன்பு தொற்றியவர்களுக்கு அதையே திரும்ப விட்டார்கள். பலருடைய மூக்கில் வைரஸ் மறுபடி வளர்ந்தது, ஆனால் ஒருவருக்கும் சளி பிடிக்கவில்லை. 1990-ல் வந்த கட்டுரை. இதில் நீ கவனிக்க வேண்டியது, தும்மல்கூட இல்லாத ஆளின் மூக்கிலும் வைரஸ் இருக்கலாம் என்பது.

பொங்கலுக்குக் கட்டாயம் வாருங்கள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் நீயும் பையனுமாவது வாருங்கள். அப்பாவுக்கு ஃப்ளூ ஊசி போட்டாயிற்று. இருந்தாலும் கிளம்புகிற வாரத்தில் வீட்டில் யாருக்காவது சளி இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடு. பையனுக்கு மாடி அறையைத் துடைத்து வைக்கிறேன். தாத்தா மடியில் ஏறுவதை மட்டும் நாலு நாள் தள்ளிப்போடலாம். அவர் முகம் சுளிப்பார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா