வெள்ளையாக வந்தால் நல்ல பாலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு விவசாயப் பக்கத்தில், "மடி வீங்காமல், பால் வெள்ளையாக வந்தால் பசுவுக்கு மடிநோய் இல்லை" என்று ஒரு வரி. பக்கத்தில் இராசிபலன் இருந்ததால் இதையும் பலனாக நினைத்துக் கடந்துபோயிருக்கலாம். ஆனால் மட்டக்களப்பின் படுவான்கரையில் சனம் இதை நம்பித்தான் மாடு கறக்கிறது.

வீக்கமும் காய்ச்சலும் பசு தானே காட்டுகிற எதிர்ப்பு என்பது தாங்கள் அறியாததல்ல. ஈ.கோலை என்ற கிருமி மடிக்குள் போனால் அதன் நஞ்சை உடம்பு உடனே இனங்காணும். இரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் சில மணி நேரத்தில் மடிக்குள் இறங்கும். மடி கல்லாகும், காய்ச்சல் 40 பாகை தாண்டும், பால் தண்ணீராகும். சில நாளில் கிருமி அழியும், இல்லாவிட்டால் மாடு விழும். ஸ்டபைலோகொக்கஸ் ஓரியஸ் என்ற மற்றக் கிருமி கள்ளன். அதற்கு உடம்பு அரைமனதாகத்தான் எழும்பும். அது வெள்ளணுவுக்குள்ளேயே பதுங்கி, மடித்தசையில் சிறு கட்டிகளாக ஒதுங்கிவிடும். மாதக்கணக்கில் பால் வெள்ளையாகவே வரும். ஒரு மில்லிலீற்றரில் 1 இலட்சத்துக்குள் இருக்கவேண்டிய அணுக்கள் 2 இலட்சத்தைத் தாண்டி நிற்கும். கண்ணுக்குத் தெரியாதது தயிர்ச் சட்டியில் தெரியும்: கேசின் என்ற பால் புரதம் குறைந்து உப்பேறிய பால் இறுகாமல் தண்ணி விடும்.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வுகூடம் வேண்டாம். அரை லீற்றர் தண்ணீரில் 15 கிராம் சலவைத்தூள், நாலு காம்புக்கு நாலு சிரட்டை. முதல் மூன்று பீச்சலை வெளியே விட்டு, பிறகு கொஞ்சப் பாலும் அதேயளவு கரைசலும் சேர்த்து ஒரு நிமிடம் சுழற்ற வேண்டும். நல்ல பால் ஓடும். நோய்ப்பால் முட்டை வெள்ளைபோல இழுபடும். உடைந்த வெள்ளணுக்களின் உள்ளீடுதான் அந்த இழுவை. கன்று போட்ட முதல் வாரத்திலும் பால் வற்றும் தறுவாயிலும் சுகமான மாடும் இப்படிக் காட்டும். அதையும் எழுதாவிட்டால் ஊர் முழுக்க ஊசி ஏறும்.

காம்புக்குள் ஏற்றும் மருந்துக் குழாயைப் பால் வெளுத்த அன்றே நிறுத்துகிறவர்களுக்கும் உங்கள் வரி நல்ல சாட்டு. கிருமி திரும்பி வரும். மருந்து கலந்த பாலில் தயிருக்கு இடும் உறையும் செத்துப்போகும்.

முன்பொருமுறை, 'பால் காய்ச்சல்' என்ற பெயரில் மயங்கி மடிநோய்க்குக் கல்சியம் ஏற்றச் சொன்னீர்கள். அது காய்ச்சலே இல்லை. கன்று போட்ட மாட்டின் இரத்தத்தில் கல்சியம் இறங்கி, காது குளிர்ந்து விழுவது. திருத்தம் இன்னும் வரவில்லை. கறவை இயந்திரம் கழுவ அரைப்பக்கம் கொடுத்தீர்கள். மார்கழி மழையில் சேற்றில் நிற்கிற பட்டி மாட்டுக்கு ஒரு வரி இல்லை. கறந்து, கன்றையும் பிரித்தபின் காம்பை 0.5 வீத அயடீனில் நனைத்து, வைக்கோல் போட்டு அரை மணி நேரம் நிற்கவிட வேண்டும். காம்புத் துவாரம் மூட அவ்வளவு நேரம் எடுக்கும்; அதற்குள் படுத்தால் சேறு உள்ளே போகும். 2023இல் மேய்ச்சல் தரைக்காகச் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் வீதியோரம் குந்தியிருந்தபோதும் உங்கள் விவசாயப் பக்கத்தில் ரோசாச் செடிதான் பூத்தது.

கேட்பது மூன்று வரித் திருத்தம். இராசிபலனுக்கு மேலே போட்டால் நன்று.

இப்படிக்கு,
பட்டிக்காரர் ஒருவர்,
கொக்கட்டிச்சோலை