இபுன் மலையடிவாரத்திலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி முருகேசன் எழுதிக்கொண்டது. இங்கு நலம். அம்மா, அத்தான், செல்வி, குழந்தைகள் அனைவரின் நலமறிய ஆவல்.

தாமோதரனிடம் நீ கொடுத்தனுப்பிய பொட்டலமும் கடிதமும் பத்திரமாக வந்து சேர்ந்தன. அம்மா அருகில் இருப்பதால் போனில் கேட்க முடியாதவற்றையெல்லாம் எழுதியிருக்கிறாய். இந்தோனேசியாவின் பாண்டுங் நகரத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தவன் எதற்காக ஒரு குக்கிராமத்துக்குக் குடிபோனான், அங்கே வேளைக்குச் சோறு கிடைக்கிறதா, தலைவலி என்றால் கேட்க ஆள் உண்டா என்று கேட்டிருக்கிறாய். ஊரைப் பற்றித் தெரிந்துகொண்டால் உன் கவலை தீரும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டு.

பாண்டுங்குக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் மஜாலயா என்ற நெசவு நகரம் இருக்கிறது. 1920-களில் பாண்டுங்கின் நெசவு ஆய்வுக்கூடத்தில் உருவான மேம்பட்ட கைத்தறி இங்கே வீட்டுக்கு வீடு பரவியதாம். 1960-களில் இங்கு நெய்த கைலிகளுக்கு இருந்த கிராக்கியைக் கண்டு இதை டாலர் நகரம் என்றே அழைத்திருக்கிறார்கள். எங்கள் மில் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. மஜாலயாவிலிருந்து கமோஜாங் மலைக்கு ஏறும் சாலையில், இபுன் வட்டத்தில், படிப்படியாக இறங்கும் நெல்வயல்களுக்கு நடுவே நான் குடியிருக்கும் ஊர் இருக்கிறது. நகரத்திலிருந்து மில்லுக்கு வந்துபோவதற்குள் நெரிசலில் பாதிநாள் கழிந்துவிடும். இங்கிருந்து சிற்றுந்தில் விரைவில் போய்விடலாம். வாடகையும் குறைவு. காற்றும் தண்ணீரும் நன்றாக இருக்கின்றன.

ஓட்டு வீடுகள் நெருங்கி நிற்க, பல வீடுகளின் ஓரத்தில் ஒரு மீன்குளம் இருக்கிறது. மலை ஊற்று நீர் குழாய் வழியாக முதலில் வீட்டுக்கு வந்து, பிறகு குளத்துக்கும் வயலுக்கும் போகிறது. ஊரில் பள்ளிவாசலும் தொடக்கப்பள்ளியும், மாதந்தோறும் கைக்குழந்தைகளை எடை பார்க்கும் சிறு நிலையமும் உண்டு. அத்தான் பஞ்சாயத்து உறுப்பினராக இருந்தவர் ஆகையால் இதை அவரிடம் சொல்: 2014-ஆம் ஆண்டின் கிராமச் சட்டத்துக்குப் பிறகு மத்திய அரசின் பணம் 2015 முதல் ஒவ்வொரு கிராமத்துக்கும் நிதியாக வருகிறது. அந்தந்த ஆண்டின் வரவு செலவு முழுவதையும் அலுவலக வாசலில் ஆள் உயரப் பதாகையில் எழுதி மாட்டியிருக்கிறார்கள்; வயலுக்குப் போகிறவர்கள் நின்று படித்துவிட்டுப் போகிறார்கள். ஊர்த்தலைவரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அவருடைய பதவிக்காலம் 2024-இல்தான் ஆறு ஆண்டிலிருந்து எட்டாக உயர்ந்தது. வெளியூர்க்காரர் யார் வந்தாலும் 24 மணி நேரத்துக்குள் தெருப் பொறுப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும் என்று தெரு முனையில் பலகை இருக்கிறது. நானும் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போனேன். அன்று மாலைக்குள் நான் யார், எந்த மில், எனக்குத் திருமணம் ஆகிவிட்டதா என்பதெல்லாம் தெரு முழுவதும் தெரிந்துவிட்டன. ஆகவே கேட்க ஆள் இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை, அக்கா.

பக்கத்து வீட்டு முதியவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊரே அவரை அபா என்றுதான் அழைக்கிறது. இளமையில் மஜாலயாவில் கைலி நெய்தவர். இப்போது அவருடைய தறியின் மரச்சட்டங்கள் கோழிக்கூட்டுக்குக் கூரையாக நிற்கின்றன. வைகறைத் தொழுகை முடிந்ததும் ஒரு சிறு புறாவின் கூண்டைக் கயிற்றில் கட்டி, வீட்டைவிட உயரமான மூங்கில் கம்பத்தின் உச்சிக்கு இழுத்து ஏற்றுவார். புறா கூவுகிற வரையில் யார் எது கேட்டாலும் பதில் சொல்லமாட்டார். மில்லிலிருந்து நான் கொண்டுவரும் நூல்துண்டை இரு விரல்களுக்கிடையே முறுக்கவிழ்த்துப் பார்த்தே நாற்பதாம் நம்பரா முப்பதாம் நம்பரா என்று சொல்லிவிடுவார், இதுவரை தவறியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கமோஜாங்குக்கு அழைத்துப்போனார். டச்சுக்காரர்கள் 1926-இல் தோண்டிய ஒரு கிணற்றிலிருந்து இன்றும் நீராவி இரயில் எஞ்சினின் இரைச்சலோடு பீறிடுகிறது. இந்த நாட்டின் முதல் புவிவெப்ப மின்நிலையம் 1983 முதல் அங்கேதான் ஓடுகிறது. திரும்பும் வழியில், மலைச்சரிவில் காட்டை அழித்துக் கோஸும் உருளைக்கிழங்கும் போட்டதால் மண் கரைந்து ஆற்றில் இறங்குகிறது என்றும், மஜாலயாவில் வெள்ளம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்றும் வருத்தப்பட்டார். வயாங் மலையில் சிசாந்தி ஏரியில் தெளிவாகப் பிறக்கும் சிதாரும் ஆறு, சாயப்பட்டறைகளைத் தாண்டியதும் நிறம் மாறிப்போவதை நானும் பார்க்கிறேன். நூலால் பிழைக்கிறவனுக்கு அதைப் பார்க்க மனம் கூசுகிறது. 2018-இல் அரசு அதைத் தூய்மைப்படுத்தும் வேலையில் இறங்கியது.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. மூன்று வேளையும் சோறுதான். அதோடு பச்சை இலைகளையும் காய்களையும் அப்படியே மிளகாய்த் துவையலில் தொட்டு உண்கிறார்கள். நம் வல்லாரையும், அம்மா வற்றல் போடும் மணத்தக்காளியின் பச்சைக் காயும் அந்தத் தட்டில் இருக்கும் என்று சொன்னால் அம்மா நம்பமாட்டார்கள். கடலைப் பிண்ணாக்கில் செம்மஞ்சள் பூஞ்சணம் படரவிட்டு, ஒன்ச்சோம் என்ற பெயரில் வறுத்தும் வதக்கியும் சாப்பிடுகிறார்கள். சுவையாகவும் இருக்கிறது, விலையும் மலிவு என்பதால் நானும் அதைத்தான் அதிகம் வாங்குகிறேன். காலையில் ஒரு பாட்டி மண்சட்டியில் விறகு நெருப்பில் சுராபி சுடுகிறார்; அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் வேகும் அந்த வாசனைக்கு நடந்தே போய்விடலாம்.

ஆடி, ஆவணியில் இங்கு மழை இல்லாத காலம். இரவில் மலையிலிருந்து குளிர் இறங்கி விடியும்வரை எலும்பைப் பிடிக்கிறது. போன மாதம் எனக்குச் சளி பிடித்தபோது அபாவின் மனைவி இஞ்சியும் பனைவெல்லமும் கொதிக்கவைத்துக் கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை வாசலில் நின்றார்கள்.

இங்கே வீட்டு வாசல்தோறும் ஒரு சிறு மூங்கில் குவளை தொங்குகிறது. வீட்டுக்காரர்கள் அதில் ஒரு பிடி அரிசி போட்டுவைப்பார்கள். இரவுக் காவல் சுற்றுகிறவர்கள் அதை வாங்கிச் சேர்த்து, இல்லாதவர் வீட்டுக்கோ நோயாளி வீட்டுக்கோ கொடுப்பார்கள். காவலுக்கு நானும் முறைவைத்துப் போகிறேன். குடிவந்த புதிதில் அபா என் வாசலிலும் ஒரு குவளையை ஆணியடித்து மாட்டினார். முதன்முதலாக அதில் அரிசி போட்டபோது, உலை வைக்குமுன் அம்மா கோயிலுக்கென்று கலயத்தில் போடும் பிடியரிசி நினைவுக்கு வந்து, சிறிது நேரம் உள்ளே போக முடியாமல் அங்கேயே நின்றுவிட்டேன். நோன்புப் பெருநாளுக்கு ஜகார்த்தாவிலிருந்து பிள்ளைகள் மோட்டார் சைக்கிள்களில் வந்து இறங்கியபோதும் அப்படித்தான் இருந்தது. இரவெல்லாம் பக்கத்து வீட்டில் தாயும் மகளும் பேசிச் சிரிப்பது சுவர் வழியே கேட்டது. அம்மாவின் குரலைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. இங்கே விடிந்தாலும் உங்கள் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பிந்தியல்லவா ஓடுகிறது, தூங்குகிற அம்மாவை எழுப்பக்கூடாது என்று விட்டுவிட்டேன். இந்தப் பகுதியை மட்டும் அம்மாவுக்குப் படிக்காதே.

இனி வீட்டுக் காரியம். மாந்தோப்பை மொத்தமாக விற்றுவிடலாம் என்று சித்தப்பா சொல்வதற்குச் சம்மதிக்க வேண்டாம். செல்வி கல்யாணத்துக்குப் பணம் வேண்டும் என்பது சரிதான். அதற்கு அப்பா வைத்த மரங்களை ஏன் விற்க வேண்டும்? சித்தப்பாவுக்கு அவசரம் என்றால் பாகம் பிரித்துக்கொள்வோம். அத்தானைச் சர்வேயருக்கு மனுக் கொடுக்கச் சொல். கிணறு எந்தப் பாகத்தில் விழுந்தாலும் தண்ணீர் இருவருக்கும் பொது என்று பத்திரத்திலேயே எழுத வேண்டும். என் சார்பில் அத்தான் கையெழுத்திட அதிகாரப் பத்திரத்தை ஜகார்த்தாவில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்புகிறேன். அது ஊருக்கு வந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும். ஜகார்த்தா போய்வர விடுப்பு கிடைக்க வேண்டும், ஆகவே அடுத்த மாதக் கடைசி வரை பொறுத்திருக்கச் சொல்.

இந்த மாதம் அனுப்பிய தொகை குறைந்திருப்பதைப் பார்த்து அம்மா கவலைப்பட வேண்டாம். மில்லில் இரவு ஷிஃப்டைத் தற்காலிகமாக நிறுத்தியிருக்கிறார்கள், எனக்கும் ஓய்வு கிடைக்கிறது. என் விரலில் மோதிரம் இல்லை என்று தாமோதரன் சொல்லியிருப்பான்; ஸ்பின்னிங் மிஷின்களுக்கிடையே மோதிரம் ஆபத்து என்று கழற்றிவிட்டேன். நகைச் சீட்டுத் தவணையை மட்டும் கனகு மாமாவிடம் இரண்டு மாதம் அவகாசம் கேட்டுப் பார். தோப்பின் பட்டா நகலையும், பழைய குத்தகைக்காரர் எழுதிக்கொடுத்த சீட்டையும் போனில் படமெடுத்து அனுப்பு. அம்மாவின் இடது கண் அறுவையை ஐப்பசி மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி
முருகேசன்