சனிக்கிழமை டிராஃப்ட் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

போன சனிக்கிழமை நம் கடையில் ‘மேஜிக்: தி கேதரிங்’ என்ற கார்டு ஆட்டத்தின் டிராஃப்ட் முடிந்து ஷட்டரை இறக்கப் போகும் நேரத்தில் ஒரு தம்பி பிடித்துக்கொண்டார். “எட்டு ரேர் எடுத்தேன் அண்ணா, ஒரு மேட்ச்கூட ஜெயிக்கல. இன்னைக்குத்தான் கடைக்கு வந்தவர் மூணுக்கு மூணு அடிச்சுட்டுப் போறார். எல்லாம் லக் தானே?” (ரேர் என்றால் அரிதாகக் கிடைக்கும் கார்டு.) பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். அப்போது நல்ல பசி, பதில் சொல்லாமல் சிரித்துவிட்டேன். நின்றவாக்கில் சொல்லி முடிக்கக்கூடிய பதிலும் இல்லை அது. அதனால்தான் இந்த மடல். அடுத்த மாதத்திலிருந்து டிராஃப்ட் நடத்தும் முறையிலும் சில மாற்றம் செய்கிறோம், அதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜெயித்தவர் கொல்கத்தாக்காரர். அப்பாவை வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தவர், இரண்டு பரிசோதனைக்கு நடுவே சும்மா இருந்த நாளில் காட்பாடிப் பக்கம் சுற்ற வந்திருக்கிறார். கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த மேஜிக் போஸ்டரைப் பார்த்து உள்ளே வந்துவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது. ஆனால் ஏழு பேர் எட்டாவது ஆளுக்காகக் காத்திருந்த நேரம் அது. நாற்காலியைக் காட்டினேன், உட்கார்ந்துவிட்டார்.

வாசலில் வண்டியிலேயே காத்திருக்கும் அம்மா அப்பாக்களுக்காக டிராஃப்ட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மேசையைச் சுற்றி எட்டு பேர். ஆளுக்கு மூன்று பூஸ்டர் பாக்கெட், அதாவது உள்ளே என்ன கார்டு என்று தெரியாத ஒட்டிய பாக்கெட். இப்போது வரும் ப்ளே பூஸ்டரில், அதாவது 2024 முதல் வருவதில், 14 கார்டு இருக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் முதல் பாக்கெட்டைப் பிரித்து, ஒரு கார்டை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை இடதுபக்கம் தள்ள வேண்டும். வலதுபக்கத்திலிருந்து வருவதில் அடுத்த கார்டு. தீரும் வரை இப்படியே. இரண்டாவது பாக்கெட் வலதுபக்கம் போகும், மூன்றாவது மறுபடி இடதுபக்கம். கடைசியில் ஆளுக்கு 42 கார்டு சேரும். அதிலிருந்து 22, 23 கார்டைப் பொறுக்கி, லேண்ட் கார்டு சேர்த்து, குறைந்தது 40 கார்டு கொண்ட கட்டாக ஆக்கி விளையாட வேண்டும். சாதாரண லேண்ட் எவ்வளவு வேண்டுமானாலும் கடையே தரும். போன வாரம் பெட்டியில் ஐலண்ட் தீர்ந்துபோனது எங்கள் தப்பு, இப்போது நிரப்பியாகிவிட்டது.

லேண்ட் ஐந்து வகை: ப்ளெய்ன்ஸ், ஐலண்ட், ஸ்வாம்ப், மவுண்டன், ஃபாரஸ்ட். இதைக் கேட்டதும் ஐந்திணை என்று சொல்லாத தமிழாசிரியர் இதுவரை கடைக்கு வரவில்லை. குறிஞ்சியும் முல்லையும் அப்படியே பொருந்தும். பாலைக்குத்தான் இடமில்லை, அதற்குப் பதில் சேற்று நிலம். பாலாற்றைத் தினம் பார்க்கிற நமக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லேண்ட் தருவது மானா, ஒவ்வொரு வகை லேண்டுக்கும் ஒரு நிற மானா. மானாவைச் செலவழித்தால்தான் மற்ற கார்டை இறக்க முடியும். ஒரு டர்னுக்கு ஒரு லேண்ட்தான் வைக்கலாம். ஆக, ஏழு மானா கேட்கும் டிராகன் கையில் இருந்தால் எவ்வளவு சீக்கிரம் என்றாலும் ஏழாவது டர்ன், அதுவும் ஒரு டர்ன்கூடத் தவறாமல் லேண்ட் வந்தால். நம் தம்பியின் இரண்டாவது மேட்சைப் பின்னால் நின்று பார்த்தேன். கையில் அந்த டிராகன், பளபளக்கும் ஃபாயில் கார்டு வேறு, வெயிலுக்கு லேசாக வளைந்திருந்தது. மேசையில் இரண்டு லேண்ட். ஒவ்வொரு தடவை கார்டு இழுக்கும்போதும் அதன் விளிம்பை நகத்தால் தட்டிக்கொண்டே இருந்தார். ஐந்தாவது டர்னிலும் மூன்றாவது லேண்ட் வரவில்லை. எதிரே இரண்டு மானாவுக்கு இறங்கிய சின்னச் சின்ன ஆட்கள் நாலு பேர் ஆட்டத் தொடக்கத்தில் ஆளுக்கு இருக்கும் 20 உயிரையும் கரைத்துவிட்டார்கள்.

கட்டை வாங்கி எண்ணினேன். 15 லேண்ட். அதுவும் மூன்று நிறத்துக்குப் பிரித்து. “லேண்ட் போரடிக்குது அண்ணா, அந்த இடத்துல ரெண்டு நல்ல கார்டு வைக்கலாம்ல” என்றார். இங்கேதான் கணக்கு வருகிறது. முதலில் ஆடுபவர் நாலாவது டர்னில் தொடக்கக் கையில் ஏழு, பிறகு இழுத்தது மூன்று என்று மொத்தம் 10 கார்டு பார்த்திருப்பார். 40க்கு 17 லேண்ட் வைத்தால் அந்தப் பத்தில் சராசரியாக 4¼ லேண்ட், 15 வைத்தால் 3¾. அரை லேண்ட்தானே என்று தோன்றும். ஆனால் நாலாவது டர்னில் நாலு லேண்ட் வேண்டும் என்கிறபோது ஒரு கணக்கு கோட்டுக்கு மேலே நிற்கிறது, இன்னொன்று கீழே. இதோடு மூன்றாவது நிறமும் சேர்ந்தால், வருகிற லேண்ட்கூடச் சரியான நிறமாக இருக்காது. அப்புறம் லக்கைத் திட்டி என்ன பண்ண?

கொல்கத்தாக்காரரின் கட்டையும் அவர் அனுமதியோடு மேசையில் விரித்துப் பார்த்தோம். சிவப்பும் வெள்ளையும் மட்டும். மவுண்டன் 9, ப்ளெய்ன்ஸ் 8. மீதி 23ஐ விலைவாரியாக அடுக்கினால், ஒரு மானாவுக்கு 2, இரண்டுக்கு 7, மூன்றுக்கு 6, நாலுக்கு 4, ஐந்துக்கு 3, ஆறுக்கு ஒன்றே ஒன்று. ரேர் என்று பார்த்தால் அந்த ஒன்றுதான். மானா கர்வ் என்று நம் பையன்கள் சொல்வது இதைத்தான். ஒவ்வொரு டர்னிலும் கையிலிருக்கும் மானாவுக்கு ஏற்ற ஒரு வேலை இருக்க வேண்டும், எந்த டர்னும் வீணாகக் கூடாது. சமையலுக்கு மளிகை வாங்குகிற மாதிரிதான். முந்திரியும் ஏலக்காயுமாகப் பை நிறைய இருக்கிறது, அரிசி இல்லை என்றால் அன்றைக்கு அடுப்பு எரியாது.

ஆனால் அவர் ஜெயித்தது கட்டு கட்டியதில் மட்டுமில்லை, எடுக்கும்போதே பாதி ஜெயித்துவிட்டார். எட்டு பேர், 14 கார்டு. நீங்கள் முதலில் பிரித்த பாக்கெட் ஒரு சுற்று சுற்றி உங்களிடமே திரும்பி வரும்போது ஆறு கார்டு மிச்சமிருக்கும். பெரும்பாலானோர் அதைச் சக்கையாக நினைத்துக் கையில் வந்ததை எடுத்துவிட்டுத் தள்ளுகிறார்கள். அவர் அந்த ஆறையும் நிதானமாகப் பார்த்தார். எது இருக்கிறது என்று பார்க்கவில்லை, எது போயிருக்கிறது என்று பார்த்தார். பச்சை எல்லாம் காலி, சிவப்பு இரண்டு நல்லது அப்படியே இருக்கிறது என்றால், மேசையில் பச்சைக்கு அடிதடி, சிவப்பைக் கேட்க ஆளில்லை. அதுவரை கருப்பில் எடுத்து வைத்திருந்த முதல் இரண்டு கார்டையும் அங்கேயே மறந்துவிட்டார். நம் தம்பியோ முதலில் எடுத்த டிராகனுக்காகக் கடைசி வரை அதன் நிறத்தை விடாமல் கட்டிக்கொண்டு அழுதார்.

இன்னொன்று, திசை. முதல் பாக்கெட்டில் நீங்கள் எதைத் தள்ளிவிடுகிறீர்களோ அதைத்தான் இடதுபக்கத்துக்காரர் எடுப்பார். இரண்டாவது பாக்கெட்டில் அவர்தான் உங்களுக்குக் கொடுப்பவர். நல்ல பச்சைக் கார்டுகளாகத் தள்ளி அவரைப் பச்சைக்காரர் ஆக்கிவிட்டு, அடுத்த பாக்கெட்டில் நீங்கள் பச்சைக்கு மாறினால் ஒன்றும் வராது. ஊர்க் கால்வாயில் மேல்மடைக்காரர் அவர். இது புரிந்தவர்கள் முதல் பாக்கெட்டிலேயே ஒரு நிறத்தை இடதுபக்கம் போகவிடாமல் மறிக்கப் பார்ப்பார்கள்.

போட்டிக்கு முன்கூட்டியே கட்டிக்கொண்டு வரும் டெக் வேறு கதை. அதற்குக் குறைந்தது 60 கார்டு, சாதாரண லேண்ட் தவிர ஒரே பெயரில் அதிகபட்சம் நாலு, ஒரு மேட்சின் கேம்களுக்கு நடுவே மாற்றிக்கொள்ள வைக்கும் சைடுபோர்டில் 15 வரை. நாலு காப்பி வைப்பது ஆசைக்கு இல்லை. ஒரு காப்பி வைத்தால் முதல் ஏழு கார்டில் அது வர நூற்றுக்குப் பன்னிரண்டு வாய்ப்பு, நாலு வைத்தால் நாற்பது. எல்லோரும் என்ன டெக் கொண்டுவருவார்கள் என்று யோசித்து சைடுபோர்டை நிரப்ப வேண்டும். கிரேவ்யார்டிலிருந்து, அதாவது செத்த, பயன்படுத்தி முடித்த கார்டுகள் போகும் குவியலிலிருந்து, பெரிய பெரிய ஜீவன்களை எழுப்புகிற டெக் நம் கடையில் இப்போது நாலைந்து பேரிடம் இருக்கிறது. அந்தக் குவியலைத் துடைக்கும் கார்டு இரண்டு மூன்று இல்லாமல் வந்தால் இரண்டாவது கேமிலும் அதே அடிதான்.

இதற்காகப் பாக்கெட் பாக்கெட்டாகப் பிரிக்காதீர்கள். விற்கிறவனே சொல்கிறேன். உங்களுக்கு வேண்டிய கார்டு பெயர் தெரியும் என்றால் அதைச் சில்லறையாக வாங்குங்கள். நான் இல்லை என்றால் வேறு கடையில் வாங்குங்கள். பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. பாக்கெட் பிரிப்பதற்கு நியாயமான இடம் டிராஃப்ட் மேசைதான். அங்கே எட்டு ரூபாய்க் கார்டுக்கும் ஒரு வேலை இருக்கிறது.

“இதுவும் சீட்டாட்டம்தானே, காசு வைத்து ஆடுகிறார்களா?” என்று போன மாதம் ஓர் அப்பா நேராகவே கேட்டார். கேட்டதில் தப்பில்லை. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணிதக்காரர் உருவாக்கிய இந்த ஆட்டம் 1993ல் வெளிவந்தபோது ஆளுக்கு ஒரு கார்டைப் பந்தயமாக வைத்து, ஜெயித்தவர் இரண்டையும் எடுத்துக்கொள்ளும் விதி உண்மையிலேயே இருந்தது. நாம் கோலி ஆடியதும் அப்படித்தானே. பிறகு அதைக் கைவிட்டார்கள். பந்தயத்தைப் பற்றிப் பேசும் பழைய கார்டுகளுக்கு இன்று போட்டிகளில் தடை. நம் கடையில் மேசை மேல் காசு வைக்கக் கூடாது, எடுத்த கார்டு எடுத்தவருக்கே. பாக்கெட் என்பது ஒரு குலுக்கல் மாதிரிதான் என்பதை மட்டும் நான் மறைக்க மாட்டேன். பிள்ளை வாரத்துக்கு எத்தனை வாங்கலாம் என்பதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். அந்த எண்ணை என்னிடமும் சொல்லிவைத்தால் அதற்குமேல் கொடுக்க மாட்டேன்.

இனி மாற்றங்கள். முதல் பாக்கெட்டில் விலையுள்ள ரேர் ஒன்று கிடைத்ததும் “வேலை இருக்கு” என்று எழுந்து போவது இரண்டு தடவை நடந்துவிட்டது. மீதி ஏழு பேரின் சாயங்காலமும் அதில் கெடுகிறது. உட்கார்ந்தால் மூன்று பாக்கெட்டும் முடியும் வரை உட்கார வேண்டும். அவசரம் யாருக்கும் வரும், அதைச் சொல்லிவிட்டுப் போனால் போதும். சொல்லாமல் போனால் அடுத்த வாரம் இடமில்லை.

முதல் இடத்துக்கே பரிசுப் பாக்கெட் எல்லாம் என்று நாங்கள் வைத்திருந்ததும் சரியில்லை. ஒரு மேட்ச் தோற்றதும் பாதிப்பேர் சுருண்டுவிடுகிறார்கள். இனி ஜெயிக்கும் ஒவ்வொரு மேட்சுக்கும் ஒரு பாக்கெட். கட்டணம் மூன்று பாக்கெட் விலையும் மேலே ஐம்பது ரூபாயும், பழையபடியே. கட்டு கட்ட அரைமணி நேரம். அந்த நேரத்தில் மேசை மேசையாக வந்து லேண்டை எண்ணுவேன். 16க்குக் கீழே இருந்தால் ஏன் என்று கேட்பேன், காரணம் சொன்னால் விட்டுவிடுவேன்.

வண்டிகளைக் கடை வாசலை அடைக்காமல் நிறுத்துங்கள், பக்கத்து டெய்லர் மறுபடி சொல்லிவிட்டார்.

கொல்கத்தாக்காரர் திங்கட்கிழமை ரயிலேறும் முன் வந்து போனார். அப்பாவுக்குப் பரவாயில்லையாம். பெட்டியில் இடமில்லை என்று அந்தக் கட்டை இங்கேயே விட்டுவிட்டார். கல்லாவுக்குப் பக்கத்தில் நீல டப்பாவில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்து விரித்துப் பார்க்கலாம், ஒரு கேம் ஆடியும் பார்க்கலாம். வைக்கும்போது 40 இருக்கிறதா என்று மட்டும் எண்ணிவிட்டு வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்,
காந்திநகர், காட்பாடி